மருந்து நிற்குமா?

சிவகாசிப் பட்டாசு ஆலையில் காலையில் கலந்த மருந்து அன்று மாலைக்குள் தீர்ந்துவிட வேண்டும். மீந்தால் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. அன்றைக்கே முறைப்படி அழித்துவிட வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆலைகளில் நாற்பது வருடத்துக்கு மேல் மருந்துக் கலவையையும் மேற்பார்வையையும் பார்த்து ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவர், இந்த ஒரு விதியை வைத்தே தொழில் முழுவதையும் விளக்கிவிடுவார். காலையில் அடங்கிக் கிடந்தது சாயங்காலமும் அடங்கிக் கிடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது விருதுநகர் தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. 1985-இல்தான் அது ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. ஆலை என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துக்கொண்டு போன பையனுக்கு, கரிசல் காட்டில் இடைவெளி விட்டு விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள்தான் கண்ணில் பட்டன. ஒவ்வொரு அறைச் சுவரிலும் பெயின்ட்டில் மூன்று விவரம் எழுதியிருக்கும்: அறை எண், உள்ளே எத்தனை ஆள், எத்தனை கிலோ மருந்து. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஆட்களும் அந்த எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் மருந்தைப் பற்றிப் பேச அங்கே இருந்த சொற்கள் இரண்டுதான். 'நிற்கும்' என்பார்கள், அல்லது 'நிற்காது' என்பார்கள். இந்த மருந்து மழைக்கு நிற்காது. இந்தக் கலவை வண்டிக் குலுக்கலுக்கு நிற்கும். 'ஸ்டேபிள்' என்ற சொல் பிறகுதான் வந்தது. வெடிபொருள் துறையிலிருந்து வந்த ஆங்கில அறிவுறுத்தல் தாள் ஒன்றில் அது இருந்தது. கணக்கப்பிள்ளையின் மேசையில் கிடந்த லிப்கோ அகராதியைப் புரட்டிய இளைஞருக்கு இரண்டு பொருள் கிடைத்தன. ஒன்று குதிரை லாயம். மற்றொன்று நிலையான, உறுதியான. லாயத்துக்கும் உறுதிக்கும் என்ன உறவு என்று அப்போது அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டுமே நிற்பதைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை என்பது பல வருடம் கழித்து ஒரு கல்லூரி ஆசிரியர் சொல்லித் தெரிந்தது. குதிரை நிற்கும் இடம் லாயம். அசையாமல் நிற்கும் குணம் உறுதி.

அந்த லத்தீன் விவரம் இல்லாமலே, லாயம் என்ற பொருள் அவருக்கு உதவிவிட்டது. அவருடைய தாய்மாமன் ஜட்கா வண்டி ஓட்டியவர். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பதும், தூங்கும் குதிரையின் பின்னால் சத்தமில்லாமல் போனால் உதைத்துவிடும் என்பதும் சின்ன வயதிலேயே தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவர் சொன்ன முதல் பாடம் இதுதான்: "மருந்து லாயத்துல நிக்கிற குதிரை மாதிரி தம்பி. நிக்குது, ஆனா உசுரோட நிக்குது. எந்தப் பக்கம் போனா உதைக்கும்னு தெரிஞ்சுட்டு உள்ள போ."

எந்தப் பக்கம் போனால் உதைக்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அவர் அனுபவத்தின் சாரம் முழுக்க அதுதான்.

முதலில் குளோரேட். பொட்டாசியம் குளோரேட் இல்லாமல் தீப்பெட்டி இல்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து இந்த ஊருக்குப் பழகிய உப்பு அது. சீக்கிரம் பற்றும், விலையும் குறைவு. அதனால் வெடிகளிலும் நுழைந்தது. சிக்கல், அதோடு கந்தகம் சேரும்போது வருகிறது. கந்தகத்தில், அதிலும் கந்தகப் பூவில், துளி அமிலம் எப்போதும் ஒட்டியிருக்கும். காற்றின் ஈரம் அதைக் கூட்டும். அமிலம் குளோரேட்டைத் தொட்டால் உள்ளே மெல்ல மெல்லச் சிதைவு தொடங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சூடு கூடி, ஒரு கட்டத்தில் யாரும் தொடாமலேயே பற்றிக்கொள்ளும். யாரும் தொடாவிட்டாலே இப்படி என்றால், கொஞ்சம் உரசினாலோ தட்டினாலோ கேட்கவே வேண்டாம்.

1992 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு, குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருளைத் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்தது. தீக்குச்சித் தலைக்கும், பொம்மைத் துப்பாக்கியில் வைக்கும் பொட்டு வெடிக்கும், ஆய்வுக்கான சிறு அளவுக்கும் மட்டும் விலக்கு. ஆலைகள் நைட்ரேட்டுக்கு, அதாவது வெடியுப்புக்கு மாறின. பழைய போர்மேன்கள் சிலருக்கு அதில் வருத்தம் இருந்தது. நைட்ரேட் அவ்வளவு வேகம் இல்லை, சத்தத்துக்கு அலுமினியப் பவுடரை நம்ப வேண்டும், பவுடர் விலையோ கூடுதல். இவரும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தவர்தான். ஆனால் தன் காலத்தில் இந்தத் தொழிலில் வந்த மாற்றங்களில் அதிக உயிர்களைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், யோசிக்காமல் இந்த 1992 தடையைத்தான் சொல்வார். 2016 ஏப்ரலில் கேரளத்தில் கொல்லம் அருகே பரவூர் புற்றிங்கல் கோயில் வாணவேடிக்கையில் நூறு பேருக்கு மேல் இறந்தபோது, தடை செய்யப்பட்ட குளோரேட் அங்கே பயன்பட்டது பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தார் என்கிறார்கள் வீட்டில்.

நைட்ரேட் வந்ததும் கவலை தீர்ந்தது என்று ஆலையில் பலர் நினைத்தார்கள். அப்படி நினைக்கக் கூடாது என்பதை ஓர் ஐப்பசி மாதம் காட்டியது.

இரண்டு நாளாக அடைமழை. தீபாவளிக்கு முந்திய கடைசி வாரங்கள், சரக்குக்கு அவசரம். மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்த பெண் வெளியே வந்து, "அண்ணே, உள்ள மாட்டுக் கொட்டகை வாடை அடிக்குதுண்ணே" என்றார். வாசலில் நின்றபடியே இவருக்கும் அந்த நெடி மூக்கில் ஏறியது. அம்மோனியா. வெடியுப்பும் அலுமினியப் பவுடரும் கந்தகமும் கலந்த தட்டு ஒன்று ஜன்னலோரம் இருந்தது. சாரல் அடித்த சுவர் அது. தட்டைத் தொடவில்லை. மேலே சற்றுத் தள்ளிக் கையை நீட்டியபோதே வெதுவெதுப்பு தெரிந்தது. "எல்லாரும் வெளிய வாங்க, ஒண்ணையும் தொடாதீங்க" என்று சொல்லி அந்த அறையையும் அடுத்தடுத்த அறைகளையும் காலி செய்யவைத்தார். அன்று அந்தத் தட்டு பற்றிக்கொள்ளவில்லை. உற்பத்தி அரை நாள் நின்றது, முதலாளி தரப்பில் முணுமுணுப்பும் வந்தது. ஆறிய பிறகு அந்த மருந்தை முறைப்படி அழித்தார்கள்.

நடந்தது என்ன என்பதை அவர் சொல்லும் விதமே தனி. அலுமினியப் பவுடரின் ஒவ்வொரு துகளுக்கும் மேலே மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கிறது. தண்ணீர் பட்டு அந்தத் தோல் கரையத் தொடங்கினால் அலுமினியம் நைட்ரேட்டைத் தின்னும். அதில் அம்மோனியா பிறக்கும். அம்மோனியா காரத்தன்மை உள்ளது. காரம் அலுமினியத்தின் தோலை இன்னும் அரிக்கும். அரிப்பு கூடச் சூடு கூடும், சூடு கூட அரிப்பு கூடும். இதைத் தடுக்கத்தான் கலவையில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பது. அது காரத்தை முறித்து வைக்கும். கேரம் போர்டில் தூவுகிற அதே வெள்ளைப் பொடிதான்.

குளோரேட் மருந்துக்கு அமிலம் எமன். அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்துக்கு அமிலம் காவல். ஒரு மருந்தை நிற்கவைக்கிற கைப்பக்குவத்தை இன்னொரு மருந்துக்கு எடுத்துக்கொண்டு போனால் அங்கே அது ஆளைக் கொல்லும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் மணி நேரத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். பட்டாசு விபத்தென்றால் 'உராய்வு காரணமாக' என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடுவது அவருக்குப் பொறுக்காது. உராய்வு கடைசி நொடியில் நடந்தது; அந்த மருந்து அதற்கு முன்னால் எத்தனை மணி நேரம், எந்த ஈரத்தில், எதனோடு கிடந்தது என்பதை யார் எழுதுவது என்று கேட்பார்.

ஈரம் ஒரு பக்கம் என்றால் வறட்சி மறுபக்கம். மழை குறைவு, வெயில் அதிகம் என்பதால்தான் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் காலூன்றின. ஒட்டியதும் தோய்த்ததும் சீக்கிரம் காயும். அதே வறண்ட காற்றில் நிலை மின்சாரம் உடம்பில் தேங்கும். நைலான் சேலைக்கு ஆலையில் தடை, பருத்திதான் கட்ட வேண்டும். வாசலில் பூமிக்குள் இணைப்புக் கொடுத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் மருந்து அறைக்குள் போக வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு, கையில் இரும்புக் கருவி கிடையாது. சேர்ந்த புதிதில் அந்தத் தகட்டை ஏன் தொடுகிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை; கோயில் படியைத் தொட்டுக் கும்பிடுவது போல எல்லோரும் தொட்டார்கள், அவரும் தொட்டார். பிறகு போர்மேன் ஆனபோது காரணத்தைச் சொல்லிச் சொல்லியே தொடவைத்தார். காரணம் தெரிந்தவர் அவசரத்திலும் தொடுவார் என்பது அவர் கண்டது.

சோதனைக்கூடத்து 'ஸ்டேபிள்' ஆலையில் சொல்லும் 'நிற்கும்' என்பதிலிருந்து வேறானது. வெடிபொருள்களைக் கொண்டுசெல்வதற்கான ஐ.நா. பரிந்துரைகளில் வெப்பத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. சிறு அளவு மருந்தை 75 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். பற்றாமல், தானாகச் சூடேறாமல் இருந்தால் தேறியது. அதுபோக, எடையைப் போட்டு அடித்துப் பார்ப்பார்கள், உரசிப் பார்ப்பார்கள். சிவகாசியிலேயே பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் வந்த பிறகு இந்தப் பேச்செல்லாம் ஆலைகளுக்குப் பக்கமாக வந்தது. அதற்கு முன்பு எல்லாவற்றுக்கும் நாக்பூரைப் பார்க்க வேண்டியிருந்தது. பெரிய ஆலைகளின் உரிமத்தை இன்றும் ஊரில் 'நாக்பூர் லைசென்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமை அலுவலகம் அங்கே இருக்கிறது.

சோதனைச் சான்றிதழ் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று ஆலையில் யாராவது சொன்னால் அவர் நிறுத்திவிடுவார். அங்கே தாங்கியது சிட்டிகை அளவு, காய்ந்த, தூய மருந்து. இங்கே கிடப்பது கிலோக்கணக்கில், ஜன்னலோரம், நேற்றைய தூசியோடு. குவியல் பெருகப் பெருக உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். சுவரில் எழுதிய கிலோ எண்ணுக்குப் பொருள் அதுதான்.

அளவும் காலமும் என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் உதாரணம் நிறைய. 2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தார்கள். ஆபத்துக் குறைந்த வகை என்று முத்திரை குத்தி வைத்திருந்த சரக்கும் ஒன்றாகக் குவிந்து கிடந்தபோது வேறு மாதிரி நடந்துகொண்டது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்த 2,750 டன் அமோனியம் நைட்ரேட் ஏறக்குறைய ஆறு வருடம் அங்கே சும்மாவே கிடந்தது. அந்தச் செய்தி வந்த அதே வாரம், சென்னை மணலியில் 2015 முதல் ஏறக்குறைய 700 டன் அமோனியம் நைட்ரேட் சுங்கத் துறைப் பிடிப்பில் கிடப்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று தொலைக்காட்சியில் ஒருவர் சமாதானம் சொல்லக் கேட்டு, "அதத்தான்யா பெய்ரூட்காரனும் முந்தின நாள் வரைக்கும் சொல்லியிருப்பான்" என்று இவர் எழுந்து போய்விட்டார்.

'ஸ்டேபிள்' என்ற சொல் அவரை மிகவும் சோதித்த இடம் ஆஸ்பத்திரி.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஆலை எரிந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். முதல் வெடிப்போடு முடிந்தது என்று நெருங்கியவர்களை அடுத்தடுத்த வெடிப்புகள் வாரிக்கொண்டன. காயம்பட்டவர்கள் சிவகாசிக்கும் விருதுநகருக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் போனார்கள். தெரிந்த குடும்பங்களுக்குத் துணையாக இவர் மதுரையில் தீக்காயப் பிரிவு வாசலில் இருந்தார். உள்ளேயிருந்து வந்த டாக்டர், "பேஷன்ட் இப்ப ஸ்டேபிளா இருக்கார்" என்றார். காயம்பட்டவரின் வீட்டுப் பெண் கைகூப்பினார். பிழைத்துவிட்டார் என்று ஊருக்குப் போன் போனது.

டாக்டர் சொன்னது பொய் அல்ல. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு மூன்றும் அந்த நேரத்தில் இறங்காமல் நிற்கின்றன என்பது அவர் சொன்னதன் பொருள். பெரிய தீக்காயத்தில் முதல் ஒன்றிரண்டு நாள் உடம்பின் நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். ஏற்றுகிற திரவத்தில்தான் உயிர் நிற்கும். அதைத் தாண்டினால், தோல் போன இடத்தில் கிருமி ஏறும் ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கும். இவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப நிக்குதுன்னு சொல்றாக தாயி. நாளைக்கும் நிக்கணும்னு நாம இங்கதான் இருக்கணும்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு விபத்திலும் இந்த வேலையை அவர் விரும்பி எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரித் தமிழில் இந்தச் சொல்லுக்குப் பதில் 'இந்த நேரத்துக்கு மோசமாகவில்லை, ஆபத்து இன்னும் தீரவில்லை' என்று முழு வாக்கியமாகவே சொல்லிவிடலாம். கூடுதலாக ஆகும் அந்த நான்கு நொடியை வெளியே காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தொழிலை வேறு திசையில் திருப்பியது. பசுமைப் பட்டாசு மட்டுமே, சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது. சிவகாசி ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்தன. நாக்பூரில் இருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற பெயர்களில் புது வாய்பாடுகளைக் கொண்டுவந்தது. ஓய்வு நெருங்கிய வயதில் அவர் மறுபடி மாணவராகக் குறிப்பேட்டோடு உட்கார்ந்தார்.

பேரியம் நஞ்சு என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. மருந்துத் தூசியைச் சுவாசித்தே காலம் கழித்தவர்களுக்கு அதை நீதிமன்றம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பேரியம் நைட்ரேட் இத்தனை காலம் இருந்ததற்கு அதன் பச்சை நிறம் மட்டும் காரணம் அல்ல. அது ஈரத்தை இழுக்காது. கம்பி மத்தாப்புக்கு அதுவே முதுகெலும்பு. கம்பிக் கட்டைப் பசை போன்ற மருந்தில் முக்கி எடுத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி முக்கி, பெட்டியில் அடைத்து ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்கினால், ஐப்பசித் தீபாவளி வரை அப்படியே நிற்கும். மீந்தது அடுத்த கார்த்திகை தீபம் வரைக்கும் கூடத் தாங்கும்.

அதன் இடத்தில் வந்த ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். விலையும் அதிகம். தை மாதம் செய்த மத்தாப்பு ஆவணியில் நமுத்துப்போய், கம்பியில் படிந்த மருந்து விரலில் ஒட்டிக்கொண்டு வரும். கல்கத்தா மாதிரி ஈரக்காற்றுள்ள ஊர்க் கிடங்குக்குப் போனால் கேட்கவே வேண்டாம். ஆலையை விட்டுக் கிளம்பும்போது சோதனையில் தேறிய சரக்குதான் அதுவும். வியாபாரி போனில் "நமத்துப் போச்சு அண்ணாச்சி, பாதி பத்தவே இல்லை" என்று சொல்லும்போது சான்றிதழைக் காட்டி என்ன செய்வது? கூடுதலாகக் காயவைத்தார்கள், பெட்டிக்கு உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டார்கள், வருடம் முழுக்கச் செய்து குவிக்காமல் பருவத்துக்குச் சற்று முன்னால் செய்து பார்த்தார்கள். கடைசி யோசனைக்கு ஒரு விலை உண்டு. வேலையைத் தீபாவளிக்கு முந்திய மாதங்களில் நெருக்கினால் அறைக்குள் ஆளும் அளவும் நெருங்கும்.

அவர் இன்று அதிகம் கவலைப்படுவது அந்த நெருக்கத்தைப் பற்றித்தான். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் பலர் இருப்பார்கள். ஆளுக்கு இரண்டு அறை, ஆளுக்கொரு கணக்கு. அங்கே மருந்தின் மொத்தப் பொறுப்பு யாரிடமும் இருக்காது. அறையில் இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து அடைப்பார்கள். மீந்த மருந்தை நட்டம் என்று பார்த்து மறுநாளுக்கு வைப்பார்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோதும் உள்குத்தகைப் பேச்சுதான் மறுபடி எழுந்தது.

இப்போது கூப்பிடுகிற ஆலைகளுக்கு அவர் போய் வகுப்பு எடுக்கிறார். கரும்பலகையில் வாய்பாடு எழுதுவதில்லை. அறை அறையாகக் கூட்டிப்போய், இந்தத் தட்டில் இருப்பது எத்தனை மணிக்குக் கலந்தது, நேற்று இரவு இங்கே என்ன இருந்தது, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியாத அறையின் கதவில் சாக்பீஸால் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுவார். அந்த அறை அன்றைக்குத் திறக்காது என்று மேனேஜர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த அறைக்கு நகர்வார். ஒப்புக்கொள்ளாத ஆலைக்கு அடுத்த முறை அவர் போவதில்லை.